கழிவெண்ணெயும் வீட்டு வாலையும்

சென்னைக்கு வடக்கே, கொல்கத்தா செல்லும் பெருவழியை அடுத்துள்ளது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. இரும்பை உருக்கும் ஆலைகள் அங்கே மிகுதி. திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் சிறுதொழிற்கூடங்கள் பல உள. இவற்றின் சரக்கை ஏற்றிச் செல்லும் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறைகளில் நாள்தோறும் கறுத்த எண்ணெய் வடிக்கப்படுகிறது. வடித்த எண்ணெய் என்னாகிறது என்று கேட்போர் சிலரே.

எந்திரத்தில் இட்ட எண்ணெய் பெரும்பாலும் அழுக்கேறுகிறதேயன்றி அழிந்துவிடுவதில்லை. இரும்புத் துகள், கரி, நீர், எரிபொருள் ஆகியவை கலத்தலால் அது கெடுகிறது. அவற்றை நீக்கின் மீண்டும் பயன்படும். ஆதலின், பழைய பீப்பாய் ஒன்றை அடுப்பிலேற்றி, வாலை அமைத்து, இதனை எரிபொருளாக வடித்தால் என்ன என்று துணிவோர் உளர். வீணாவதைப் பயனாக்க விழையும் அவ்வெண்ணம் இகழத்தக்கதன்று. மேற்கொண்ட வழியே பிழை.

வாலை தமிழர்க்குப் புதியதன்று. ஓமத்தைத் தீநீராக வடித்தெடுக்கும் முறையைச் சித்த மருத்துவர் நன்கறிவர். ஆயினும், அவர்தம் வாலையில் கொதிப்பது நீர். அது 100 டிகிரி செல்சியஸில் ஆவியாகும்; அவ்வாவி தீப்பற்றாது. எந்திர எண்ணெயோ 300 டிகிரியைக் கடந்தாலன்றி நன்கு ஆவியாகாது. அத்துணை வெப்பமுற்ற ஆவி காற்றைத் தொடின், தீப்பொறி இன்றியே பற்றிக்கொள்ளக்கூடும். அதற்கு முன்பே, கலந்திருந்த பெட்ரோலின் ஆவி கசிந்து அடுப்பை நாடும். அடியில் தங்கிய நீர் திடீரென ஆவியாகிக் கொதியெண்ணெயைப் பொங்கச் செய்யும். அருகில் நிற்கும் இளைஞன் கதி என்னாகும்? ஆலைகளில் காற்றை வெளியேற்றி, அழுத்தத்தைக் குறைத்து, குறைந்த வெப்பத்திலேயே வடிப்பர். அது கொல்லைப்புறத்தில் கைகூடுவதன்று.

தப்பித் தவறி வடித்தாலும், பீப்பாயின் அடியில் உலோகங்கள் செறிந்த கருஞ்சேறு எஞ்சும். அத்தகைய நச்சுக் கழிவைப் புதைப்பதற்கென்றே காப்புக்குழி ஒன்று கும்மிடிப்பூண்டியில் உண்டு. வீட்டு வாலைக்காரன் அங்கே செல்வானா? வேலியோரமே அவனுக்குக் குழி. நீரிற் கலந்த எண்ணெய் என்ன செய்யும் என்பதை, 2023 டிசம்பர்ப் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர்க் கழிமுகத்து மீனவர் கண்டனர். படகும் வலையும் கறுத்தன, தொழில் நின்றது.

உரிமம் பெற்ற ஆலைக்கே கழிவெண்ணெயைத் தருதல் வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு விதி. எண்ணெயை ஆக்குவோரும் இறக்குமதி செய்வோரும் அதன் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்னும் விதியும் 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. விதிகள் நல்லவையே. ஆனால், மாதம் ஒரு பீப்பாயும் நிரம்பாத சிறு பட்டறையை நாடி எந்த ஆலையின் வண்டி வரும்? அவ்வழியைத் திறவாமல் பட்டறைக்காரனை மட்டும் கடிதல் முறையன்று. தொழிற்பேட்டைதோறும் மூடியிட்ட தொட்டி ஒன்று அமைத்து, சிறிதளவு எண்ணெயையும் விலை கொடுத்துப் பெறுதல் வேண்டும். செலவு? எண்ணெயை விற்றுப் பயனடைந்தோரே அதனை ஏற்கட்டும்.