தூக்கு என்று எழுதுமுன்

மாண்புமிகு தமிழ்நாடு முதலமைச்சர் அவர்களுக்கும் சட்டத்துறை அமைச்சர் அவர்களுக்கும்,

சங்கரன்கோவிலை அடுத்த மேலநீலிதநல்லூரிலிருந்து எழுதுகிறேன்.

ஒரு கொலை இரண்டு குடும்பங்களைச் சாய்த்துவிடுகிறது. உயிரைப் பறிகொடுத்த வீட்டின் துயரத்துக்கு எந்தத் தீர்ப்பும் ஈடாகாது. இன்னொரு வீட்டுத் தாய், அன்றாடக் கூலியை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டை மத்திய சிறைக்கு மனு பார்க்க பஸ் ஏறுகிறாள். தன் மகனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததை நீதிமன்றத்தில் யாரும் கேட்பதில்லை. என் முறையீடு இதைப் பற்றியதுதான்.

2009-ல் கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். குற்றவாளிக்கு 2010-ல் தூக்கு விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2013-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2023 மார்ச் 21-ல் சீராய்வு மனுவில்தான் நிலைமை மாறியது. குற்றம் நிரூபணமானது என்பதில் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனாலும் தூக்கை, 20 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனையாக மாற்றியது. தண்டனையைத் தணிக்கும் சூழ்நிலைகளை அதுவரை எந்த நீதிமன்றமும் முறையாக ஆராயவில்லை என்பதே காரணம். சம்பவத்தின்போது குற்றவாளிக்கு வயது 23; முன்குற்றம் இல்லை; சிறையில் பட்டயப் படிப்பு முடித்திருந்தார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளுக்குப் பதில் கிடைக்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின.

சட்டத்தில் குறையில்லை. குற்றத்தோடு குற்றவாளியையும் பார்க்க வேண்டும், அரிதினும் அரிதான வழக்கில் மட்டுமே தூக்கு என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கு வகுத்தது. குற்றவாளி பற்றிய விவரங்களை விசாரணை நீதிமன்றத்திலேயே திரட்ட வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடைமுறைப்படுத்த வேண்டியது அரசு.

ஆகவே கேட்கிறேன். தூக்கு விதிக்க இடமுள்ள ஒவ்வொரு வழக்கிலும், குற்றவாளியின் குடும்பச் சூழல், படிப்பு, மனநலம், சிறை நடத்தை பற்றிய முழு அறிக்கை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வரச் செய்யுங்கள். நன்னடத்தை அலுவலர் ஊருக்கே வந்து விசாரிக்கட்டும். சட்ட உதவி வழக்கறிஞருக்குத் தண்டனை குறித்து வாதிடப் போதிய அவகாசம் கிடைக்கட்டும். எந்தத் தகவலையும் மறைக்காமல் தரக் காவல்துறைக்கு உத்தரவிடுங்கள்.

குற்றவாளியை விட்டுவிடச் சொல்லவில்லை; அளந்து தண்டியுங்கள் என்கிறேன். கூடுதலாகக் கொடுத்த தண்டனையை மேல்முறையீட்டில் குறைக்கலாம். தூக்கில் போட்ட பிறகு குறைப்பதற்கு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
மேலநீலிதநல்லூர்க் குடிமகன்