பந்தலில் அறிவிப்பதும் வகுப்பில் மறைப்பதும்

பள்ளியில் பாலியல் கல்வி நம் பண்பாட்டுக்கு ஆகாது என்ற பேச்சு, மலேசியாவின் லாபு தோட்டப்புறங்களில் கோயில் திருவிழா மேடை முதல் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வரை பல்லாண்டுகளாகக் கேட்கிறது. வெங்கையா நாயுடு தலைமையிலான இந்திய மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் இதே வாதத்தை அறிக்கையாகவே தந்தது. இக்கல்வி மேலைநாட்டுச் சரக்கு என்போருக்குத் தொல்காப்பியத்தின் களவியலும் காமத்துப்பாலின் 250 குறள்களுமே போதிய விடை.

பண்பாடு என்ற சொல்லைத்தான் ஊன்றிப் பார்க்க வேண்டும். பெண் பூப்பெய்தியதும் பச்சை ஓலையில் குடிசை கட்டி, அழைப்பிதழ் அச்சிட்டு, தாய்மாமன் சீர்த்தட்டு ஏந்திவர, ஊரைக் கூட்டிச் சோறு போடுகிற சமூகம், அவள் உடலில் நேர்ந்த மாற்றத்தை மறைபொருள் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் அவளுக்குத் தவறாமல் கிடைக்கின்றன. உதிரம் ஏன் வருகிறது, அடுத்து எப்போது வரும், இனிக் கருத்தரிக்க இயலும் என்பதன் பொருள் என்ன என்பதை மட்டும் அந்தப் பந்தலில் எவரும் சொல்வதில்லை. "ஆம்பளப் பசங்களோட இனிமே பேசாதே" என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. பையனுக்கோ சடங்கும் இல்லை, விளக்கமும் இல்லை. உறக்கத்தில் தானாக விந்து வெளியேறுதல் வளரிளம் பருவத்தின் இயல்பு என்று சொல்ல ஆளில்லாத நிலையில், அதை நோயென்று அஞ்சி அவன் லேகிய விளம்பரங்களை நம்புகிறான்.

தாய் சொல்லித்தரட்டும் என்பதும் வெறும் பேச்சு, ஏனெனில் அந்தத் தாய்க்கும் அவள் சடங்கன்று கிடைத்தது களிதான்.

சொன்னால் கெட்டுப்போவார்கள் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. இக்கல்வி உடலுறவை முந்தச் செய்வதில்லை என்பதை யுனெஸ்கோ 2018இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டி பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டுகிறது. தவிரவும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான எச்பிவி கிருமியைத் தடுக்க, மலேசியப் பள்ளிகளில் 13 வயதுச் சிறுமிகளுக்கு ஊசி போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. அக்கிருமி பாலுறவால் பரவுவது என்பதைச் சொல்லாமல் ஊசியின் காரணத்தை அவர்களுக்கு விளக்கவே முடியாது.

சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய மலேசியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், தீண்டலை மட்டுமின்றி, நயமாகப் பேசிக் குழந்தையை வயப்படுத்துவதையும் குற்றமாக்கியுள்ளது. ஆனால், உறுப்பின் பெயரைச் சொன்னாலே வாயில் அடி வாங்கி வளர்ந்த குழந்தையிடம், விசாரணை அதிகாரி எத்தனை முறை கேட்டாலும், "அங்கே" என்பதற்கு மேல் சொல் இல்லை.