கடைசியாக வரும் பிள்ளைக்கும் ஒரு பாய்ச்சல்



இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை தையற்கடைக்காரருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. பாடசாலைக்குப் பாடசாலை நிறம் மாறும். ஹிரா, ஸபா, மர்வா, அறபா என்ற இல்லப் பெயர்கள் அவ்வளவாக மாறுவதில்லை. குருத்தோலை தேடிப் பழைய மாணவர்கள் தோட்டந்தோட்டமாக அலைவார்கள். வாப்பாமார் இல்ல வாசலுக்குக் கம்பு நடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் தேசிக்காய்க் கரண்டி, சாக்கோட்டம், பணிஸ் தின்னல், மிட்டாய் பொறுக்கல் நடக்கும்போது கயிற்றுக்கு இப்பால் நிற்கும் உம்மாமாரின் சத்தம் ஒலிபெருக்கியை அமுக்கிவிடும். இந்த விழாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதிதிகள் நேரத்துக்கு வந்து பேச்சைச் சுருக்கிக்கொண்டால் இன்னும் நல்லது, அவ்வளவுதான். வெயிலில் வரிசையாக நிற்பவர்கள் பிள்ளைகள். பந்தலுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரிவதில்லை.

விழா ஒரு நாள். வருடத்தின் மற்ற நாட்களில் தரம் ஒன்றிலிருந்து ஐந்து வரையுள்ள பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன்.

நம் பிள்ளைகளின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் பாடசாலை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு டியூசன், பின்னேரமோ மஃரிபுக்குப் பிறகோ குர்ஆன் மத்ரஸா. வீடு வீட்டோடு ஒட்டிக்கிடக்கும் சாய்ந்தமருதிலும் கல்முனைக்குடியிலும் முற்றம் என்பதே முக்கால்வாசி வீடுகளில் கிடையாது. தெருவில் ஓடவிட்டால் முச்சக்கரவண்டிப் பயம். ஆக, பிள்ளை கைகால் வீசி ஓட மிச்சமிருக்கும் இடம் பாடசாலை மட்டுமே. 5 முதல் 17 வயது வரையானவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரை பாடசாலை செல்வோரில் 81 சதவீதமானோர் அந்த அளவை எட்டுவதில்லை. பெண்பிள்ளைகளில் இது 85 சதவீதம், ஆண்பிள்ளைகளில் 78. பதினொரு வயதில் ஓட்டத்தை வெறுக்கும் பிள்ளை அந்த வெறுப்பை எங்கே கற்றது? அதற்கு முந்திய ஐந்து வருடங்களில்தான் தேட வேண்டும்.

நம் நாட்டுக் கலைத்திட்டத்தில் குறையில்லை. 1990களின் கடைசியில் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றையும் கற்கும் வழிகளாகவே வைத்தது. முதல் இரண்டு தரங்களில் விளையாட்டுக்கே முன்னிடம் கொடுத்தது. ஆனால் தரம் 5 புலமைப்பரிசில் என்ற ஒன்று எதிரே நிற்கிறதே! தரம் மூன்றிலேயே அதன் நிழல் விழுந்துவிடுகிறது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் கடன் வாங்கும். கொடுத்த கடன் திரும்பி வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

சரி, விளையாட விடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு கோளாறு இருக்கிறது. நாம் பெரும்பாலும் ஆடவைப்பது ‘அவுட்’ ஆக்கும் ஆட்டங்கள். இசைக் கதிரை, பந்தெறிந்து அடித்தல், தொட்டு விளையாடல் எல்லாமே அந்த வகை. கொழுத்த பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, மெதுவாக ஓடும் பிள்ளை, ஆஸ்துமாப் பிள்ளை ஆகியோர் முதல் இரண்டு நிமிடத்திலேயே வெளியே போய்க் குந்திவிடுகிறார்கள். மிச்ச நேரம் முழுவதும் ஓடுவது யார்? ஏற்கனவே நன்றாக ஓடத் தெரிந்த நாலைந்து பேர். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்குக் கொடுக்காமல் சுகதேகியைக் கூப்பிட்டு ஊட்டுகிறோம்.

இதற்கு மாற்றாக ஒன்று ஏற்கனவே நம் பாடசாலைகளுக்கு வந்திருக்கிறது. சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய சிறுவர் மெய்வல்லுநர் முறையைத்தான் சொல்கிறேன். இலங்கையிலும் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரிலேயே போட்டிகள் நடக்கின்றன. பல இடங்களில் பெயர் வந்திருக்கிறது, உள்ளே இருக்கும் சூட்சுமம் வரவில்லை என்பது என் எண்ணம்.

அதிலுள்ள தவளைப் பாய்ச்சலைப் பாருங்கள். ஓர் அணிக்குப் பத்துப் பேர்: ஐந்து ஆண்பிள்ளைகள், ஐந்து பெண்பிள்ளைகள். முதல் பிள்ளை கோட்டில் கால்விரல் வைத்து, குந்தி, இரண்டு காலாலும் முன்னே பாயும். குதி எங்கே விழுந்ததோ அங்கே ஓர் அடையாளம். இரண்டாவது பிள்ளை பாயத் தொடங்குவது அந்த அடையாளத்திலிருந்து. மூன்றாவது பிள்ளைக்கு இரண்டாவது பிள்ளை விழுந்த இடம் கோடு. பத்தாவது பிள்ளை விழும் இடம்வரை அளந்தால் அதுதான் அணியின் தூரம். இப்போது யோசியுங்கள். அணியில் ஆகச் சின்னப் பிள்ளை 60 சென்ரிமீற்றர்தான் பாய்கிறது. அந்த 60ஐ யாரும் கழிக்க முடியாது. அது கணக்கில் ஏறிவிட்டது. நேற்றைக்கு 60, இன்றைக்கு 70 என்றால் அணியே 10 முன்னே போகிறது. “நீ பாய், நீ பாய்” என்று மற்ற ஒன்பது பேரும் அந்தப் பிள்ளையைச் சுற்றி நின்று கத்துவார்கள். வேகமாக ஓடும் பிள்ளைக்கு ஊர் கை தட்டும். மெதுவான பிள்ளைக்குச் சக மாணவர் கை தட்டும் ஆட்டம் அபூர்வம்.

இதற்கு என்ன செலவு? ஒரு சோக்குக் கட்டி. அளவு நாடா இல்லையென்றால் ஒரு கயிறு. அதிலேயே சென்ரிமீற்றரும் கூட்டலும் தரம் மூன்றுக்குப் படிப்பித்து முடிந்துவிடும்; கணக்குப் பாடம் வாங்கிய கடனில் கொஞ்சம் அடைபடும்.

பந்து விஷயத்துக்கு வருவோம். பல பாடசாலைகளில் இருக்கும் இரண்டு பந்தும் காரியாலய அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கும். வெளியே வந்தாலும், 30 நிமிடத்தில் 35 பிள்ளைகளுக்கு ஒரு பந்து என்றால் ஒருவருக்கு ஒரு நிமிடமும் தேறாது. மருதமுனையில் கைத்தறி ஓடுகிறது. தறியடியில் கழிவு நூலும் துண்டுத் துணியும் விழுகின்றன. பழைய காலுறைக்குள் அதைத் திணித்து, வாயைக் கட்டி, மேலே நூலைச் சுற்றினால் தேசிக்காயை விடக் கொஞ்சம் பெரிய பந்து. முகத்தில் பட்டாலும் நோகாது. பந்துக்குப் பயப்படும் பிள்ளை பயம் தெளிவது இதில்தான். வகுப்பில் ஒவ்வொருவரும் வீட்டில் ஒன்று செய்து கொண்டுவந்தால் 35 பந்து. எறி, ஒரு தரம் கை தட்டு, பிடி. அடுத்த நாள் இரண்டு தட்டு. தனக்குத் தானே போட்டி. பால்மா ரின்களை அடுக்கி வைத்தால் பேணிப்பந்து. அடுக்கைக் கலைத்தவர்களே ஓடி அடுக்க வேண்டும் என்ற பழைய விதியை வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்டவர் வெளியேறுவதை மட்டும் மாற்றி, பத்து எண்ணிவிட்டுத் திரும்ப வரலாம் என்று சொல்லுங்கள். கிளித்தட்டிலும் அப்படியே. தொடப்பட்ட பிள்ளை வெளியே போகாமல், மறித்த பிள்ளையோடு இடம் மாறிக்கொள்ளட்டும். ஆட்டத்தின் உயிர் போகாது. ஒருவரும் குந்தியிருக்க மாட்டார்கள்.

நம் கரையோரத்துக்கே உரிய பொல்லடியை ஏன் மறந்தோம் என்று எனக்கு விளங்கவில்லை. கல்யாண வீட்டிலும் பெருநாளிலும் அண்ணாவியார் பாட்டெடுக்க, வட்டமாக நின்று, குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, பக்கத்தவர் பொல்லில் தட்டி ஆடியவர்கள் நம் மூத்தவாப்பாமார். உடற்பயிற்சி ஆசிரியர் கேட்கும் எல்லாம் அதில் இருக்கிறது: தாளம், சமநிலை, கண்ணும் கையும் ஒத்துப்போதல், நேரம் போகப்போக வேகம் கூடுதல். இன்றைக்கு அதை மேடையில் விருந்தினர் வரவேற்புக்கு மட்டும் வைத்திருக்கிறோம். தரம் இரண்டுப் பிள்ளைகளுக்குப் பொல்லுக்குப் பதில் பழைய பத்திரிகைத் தாளை இறுக்கிச் சுருட்டி ஒட்டிக் கொடுங்கள். மண்டையில் பட்டாலும் பாதகமில்லை. தட்டுக்கு ஓர் எண்: இரண்டு, நான்கு, ஆறு, எட்டு. வாய்ப்பாடு காலுக்குள் இறங்கிவிடும்.

ஆரம்பப் பிரிவில் நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். “அபாயாவோட நாங்க எப்படி ஓடுற?” என்று ஒரு டீச்சர் என்னிடம் சிரித்துக்கொண்டே கேட்டார். டீச்சர் ஓட வேண்டியதேயில்லை. கோடு கீறி, கை தட்டி, கடைசியாக வருகிற பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். பெண்பிள்ளைகளுக்கு அவரே பெரிய துணை. ஏழு எட்டு வயதில் டீச்சருடைய கண்முன் ஆசையோடு பாய்ந்து பழகிய பிள்ளை, பெரிய வகுப்புக்குப் போனபின் மகளிர் அணி என்று ஒன்று இருந்தால் தானாகவே கையுயர்த்தும்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2024 மார்ச்சில், நம் கரையோரத்திலேயே, திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். பெரிய பிள்ளைக்கே அந்த நிலை. சின்னவர்களின் விளையாட்டுப் பாடவேளையை முதல் இரண்டு பாடங்களுக்குள் வையுங்கள். நேரசூசி போடும் அதிபர்மாரிடம் இது என் வேண்டுகோள். பத்து மணிக்குப் பிறகென்றால் மரநிழல், இல்லையென்றால் வகுப்பு விறாந்தை. தண்ணீர்ப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாரி மழையில் மைதானம் குளமாகும் மாதங்களுக்கும் அந்த விறாந்தையே கதி. தவளைப் பாய்ச்சலுக்கு அது தாராளம்.

“எல்லாப் பிள்ளைக்கும் கை தட்டினால் வீரர் எப்படி வருவார்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொத்துவில் தந்த குறுந்தூர ஓட்டவீரர் அஷ்ரப் இலங்கைக்காக ஓடினார். தேசிய கபடி அணிக்கு ஆள் கொடுக்கும் ஊர் நிந்தவூர். அந்தப் பெருமை நமக்கு வேண்டும்தான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்த பிள்ளையைத்தான் அந்த வருடம் தரம் ஒன்றில் சேர்க்கிறோம். பெப்ரவரி 1இல் பிறந்த பிள்ளையும், அடுத்த வருடம் ஜனவரி 31இல் பிறந்த பிள்ளையும் ஒரே வாங்கில் இருப்பார்கள். இருவருக்குமிடையில் ஏறக்குறைய முழுதாக ஒரு வருடம். ஆறு வயதில் ஒரு வருடம் என்பது ஆயுளில் ஆறிலொரு பங்கு! அந்த வயதில் முதலாவதாக வருவது பல வேளைகளில் மூத்த பிள்ளை, திறமையான பிள்ளை அல்ல. இளையதை ஆறு வயதிலேயே குந்தவைத்துவிட்டால், பதினாறில் அது என்ன ஓட்டம் ஓடியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் உம்மம்மாவிடமோ மூத்தவாப்பாவிடமோ கேட்டு, உங்கள் ஊரில் சின்ன வயதில் ஆடிய ஓர் ஆட்டத்தை எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர் ஆடுவது, கோடு எப்படி, என்ன சாமான் வேண்டும், யாரும் வெளியேறாமல் ஆட விதியை எங்கே மாற்றலாம் என்ற நான்கும் இருக்கட்டும். வகுப்பறைச் சுவரில் வெட்டி ஒட்டக்கூடியதாக, பக்கத்துக்கு ஓர் ஆட்டம் என்று அடுத்த இதழிலிருந்து போடப் போகிறோம். படம் வரையத் தெரியவில்லை என்று யாரும் பின்நிற்க வேண்டாம். பென்சிலால் கோடு கீறி அனுப்பினால் போதும், மிச்சத்தை எங்கள் ஓவியர் பார்த்துக்கொள்வார்.

வஸ்ஸலாம்,
ஆசிரியர்