வாத்தியார் படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

புதுச்சேரி கோரிமேட்டைத் தாண்டினால் தமிழ்நாட்டு எல்லை. ஜிப்மர் ஆஸ்பத்திரி இருக்கும் இடம் என்றால் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கத்தில், பட்டப் படிப்பு முடித்த பெண் இருக்கும் வீடுகளில் ஒரு பேச்சு எழுவது உண்டு.

"பெண்ணை பி.எட். படிக்க வைத்தால் டீச்சர் ஆகிவிடுவாள். கையில் பணம் இல்லை. வங்கியில் கடன் வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனால், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

வட்டி தூங்காது!

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பு. 2015 முதல் அது ஈராண்டுப் படிப்பு ஆகிவிட்டது. செலவும் அதற்குத் தக்கபடி கூடும்.

கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் தவணை கிடையாது. படித்து முடித்த பின்னும் பொதுவாக ஓராண்டு அவகாசம் உண்டு. "அதுவரை கவலை இல்லை" என்று பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். தவணை தூங்கும். வட்டி தூங்காது!

ஓர் உதாரணம். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 2 லட்சம் ரூபாய் கடன். வட்டி நூற்றுக்குப் பத்து. தவணை தொடங்குவதற்குள் வட்டி மட்டும் 50,000 ரூபாய் சேர்ந்துவிடும். கடன் இரண்டரை லட்சம் ஆகிவிடும். அதை ஏழு ஆண்டுகளில் அடைக்க, மாதம் சுமார் 4,150 ரூபாய் கட்ட வேண்டும். மொத்தம் ஏறக்குறைய மூன்றரை லட்சம்!

சம்பளம் எவ்வளவு?

புதுச்சேரி அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியருக்கு, ஏழாவது சம்பளக் கமிஷன் கணக்குப்படி, தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். பஞ்சப்படி தனி. இந்தச் சம்பளத்தில் 4,150 ரூபாய் பெரிய பாரம் அல்ல. பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால், அந்த வேலை எல்லாருக்கும் கிடைக்குமா? புதுச்சேரி சிறிய பிரதேசம். 2011 ஜனத்தொகை சுமார் 12 லட்சத்து 48 ஆயிரம். அதிலும் மாஹே மலையாளம் பேசும் ஊர். ஏனாம் தெலுங்கு பேசும் ஊர். எட்டாம் வகுப்பு வரை பாடம் நடத்த ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேற வேண்டும். இடம் காலியாகும் வரை காத்திருக்கவும் வேண்டும்.

அதுவரை தனியார் பள்ளிதான் கதி. அங்கே மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். மீதியில் பஸ் செலவு, புடவை, வீட்டுச் செலவு எல்லாம் நடக்க வேண்டும்.

ஆகவே, அரசாங்கச் சம்பளத்தை மனத்தில் வைத்துக் கடன் வாங்கக் கூடாது. பக்கத்துத் தனியார் பள்ளியில் புதிய டீச்சருக்கு என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, அதை வைத்தே வாங்க வேண்டும். அந்தச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகுமானால், அது தாங்காத கடன்.

எந்தப் படிப்பு?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பி.எட். படித்தவர்கள் முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆசிரியராகத் தகுதி பெற மாட்டார்கள் என்று சுப்ரீம் கோர்ட் 2023 ஆகஸ்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தரத்தான் ஆசை என்றால், பிளஸ் டூ முடித்ததும் ஈராண்டு ஆசிரியர் பட்டயப் படிப்புப் படிப்பதே நேர் வழி. புதுச்சேரியில் தொடக்கப் பள்ளி ஆசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இடைநிலை ஆசிரியருக்கு 20,600 ரூபாய். அடுத்தடுத்த ஊர், அதே குழந்தைகள், அதே பாடம். சம்பளம் மட்டும் வேறு!

கடனைக் குறைக்க வழி உண்டு. முதலில் அரசாங்கக் கல்லூரிக்கும் உதவித்தொகைக்கும் முயல வேண்டும். படிக்கும்போதே ஆரம்பித்து, தவணை தொடங்கும் வரை வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால், மேலே சொன்ன கடனில் சுமார் 20,000 ரூபாய் மிச்சமாகும். நகையை விற்று முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பிறகு தவிப்பதைவிட இது நல்லது.

வாத்தியார் வேலை மதிப்பான வேலை. ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் பெண், மாதக் கடைசியில் தவணைக்கு என்ன செய்வது என்று கலங்கி நிற்கக் கூடாது. பிள்ளைகளிடம் கட்டணம் வாங்கும் பள்ளிகள் ஆசிரியர்களுக்கு வாழத் தகுந்த சம்பளம் கொடுக்க வேண்டும். அந்த நாள் வரும் வரை, விரலுக்குத் தகுந்த வீக்கமே குடும்பத்துக்கு நல்லது!