பூட்டு ஓர் ஆயுதமா?

துப்பாக்கி ஆயுதம். பீரங்கி ஆயுதம். இது சிறு குழந்தைக்கும் தெரியும். ஆனால், கடிதத்தைப் பூட்டி அனுப்பும் கணக்கு ஆயுதமா?

"ஆம், ஆயுதம்தான்" என்றது அமெரிக்க அரசு!

கம்ப்யூட்டரில் அனுப்பும் செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி எழுதலாம். இதற்குச் சங்கேத முறை என்று பெயர். சாவி வைத்திருப்பவர் மட்டுமே அதைப் படிக்க முடியும். இந்த முறையை அமெரிக்கா போர்த் தளவாடங்களின் பட்டியலில் வைத்திருந்தது. லைசென்சு இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் குற்றம்.

பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991-ல் "பி.ஜி.பி." என்ற சங்கேத மென்பொருளை எழுதினார். அதை இலவசமாகவே கொடுத்தார். அது கை மாறிக் கை மாறிக் கடல் கடந்து போய்விட்டது. 1993-ல் அவர் மீது குற்ற விசாரணை தொடங்கியது. சுமார் 3 ஆண்டுகள் அவர் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. 1996 ஜனவரியில், வழக்குப் போடாமலே விசாரணையைக் கைவிட்டார்கள்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சங்கேத முறை பற்றிய ஒரு புத்தகம் வெளிநாடு போகலாம் என்று 1994-ல் அதிகாரிகள் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தில் அச்சான அதே வரிகளைப் பிளாப்பித் தகட்டில் பதித்தால் போகக்கூடாதாம்! காகிதத்தில் இருந்தால் அறிவு. தகட்டில் இருந்தால் ஆயுதம். இது என்ன நியாயம்?

டெபியன் என்ற இலவச மென்பொருள் தொகுப்பை உருவாக்கியவர்கள், சங்கேதப் பகுதிகளை மட்டும் பிரித்து, அமெரிக்காவுக்கு வெளியே தனியாக வைத்து வழங்க வேண்டியதாயிற்று.

அரசின் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டோம். எதிரியும் சதிகாரனும் சங்கேதத்தில் பேசினால், நாட்டைக் காப்பது கடினம்தான். ஆனால், அதற்குக் கண்ட வழி என்ன? உள்நாட்டுக்கு நல்ல பூட்டு. வெளிநாட்டுக்கு நோஞ்சான் பூட்டு!

வெளிநாட்டுக்கு அனுமதித்த "40 பிட்" பூட்டு எவ்வளவு நாள் தாங்கும்? 1997-ல் கலிபோர்னியாவில் ஒரு மாணவர் சுமார் 250 கம்ப்யூட்டர்களை ஓட்டி, மூன்றரை மணி நேரத்தில் அப்படி ஒரு பூட்டை உடைத்துக் காட்டினார்!

2000-ம் ஆண்டு ஜனவரியில் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன. கதை அதோடு முடிந்ததா? இல்லை. நோஞ்சான் பூட்டுகள் பல கம்ப்யூட்டர்களில் மறைந்து கிடந்தன. 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். நல்ல பூட்டுப் போட்ட இணையதளங்களைக்கூட ஏமாற்றி, பழைய பூட்டுக்கு இறக்கிவிட முடியும் என்று காட்டினார்கள். அவற்றில் அமெரிக்க அரசின் இணையதளங்களும் இருந்தன! அடுத்தவனுக்கு வெட்டிய குழியில் தானே விழுவது என்பது இதுதான்.

இன்று பாங்கிப் பணம், ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் படம் எல்லாம் செல்போனில் இருக்கின்றன. அவற்றுக்குக் காவல் இந்தப் பூட்டுதான். "எங்களுக்கு மட்டும் ஒரு கள்ளச்சாவி கொடுங்கள்" என்று சில அரசுகள் இன்றும் கேட்கின்றன. அரசுக்கு என்று செய்த கள்ளச்சாவி ஒருநாள் திருடன் கைக்கும் போகும்.

திருடனைப் பிடிக்க வேண்டும். அதற்காக ஊரார் வீட்டுப் பூட்டை உடைக்கக்கூடாது!