கட்டில் காலை வெட்டாதீங்க

எங்க ஆலங்குளத்தை வெளியூர்க்காரங்க சிமெண்டை வச்சுத்தான் அடையாளம் சொல்வாங்க. அரசு சிமெண்ட் ஆலை இங்க வந்து 50 வருசத்துக்கு மேல ஆச்சு. ஆனா சிமெண்ட் செய்யுற ஊர்ல இருந்துக்கிட்டு எங்க வீட்டுத் தரை மட்டமா இல்லை. கட்டில் ஆடும், பெஞ்சு ஆடும், பீரோவும் ஆடும்.

காரணம் கரிசல். மழை குடிச்சா இந்த மண்ணு உப்பும், வெயில் அடிச்சா சுருங்கி வெடிக்கும். சித்திரையில எங்க காட்டு வெடிப்புக்குள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் போகும். வீட்டுக்கு அடியில இருக்கறதும் அதே மண்ணுதான். கட்டும்போதே கரிசலை ஆழமாத் தோண்டி எடுத்துட்டு, கிராவல் கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இடிச்சுத் தரை போட்டா ஆட்டம் குறையும். கையில காசு பத்தாம நாங்க அரையடியோட நிறுத்திட்டோம். மழைக்காலத்துல சுவரோரம் நனைஞ்சு மேல எழும்பும், நடு வீடு அப்படியே கிடக்கும்.

எங்க தாத்தா காலத்துல சாணி மெழுகின மண்தரை, அதுல கயித்துக் கட்டில். தரையும் மேடுபள்ளம்தான், ஆனா கட்டில் ஆடினதா ஞாபகம் இல்லை. மரச்சட்டமும் கயிறும் கொஞ்சம் நெளிஞ்சு கொடுக்கும், நாலு காலும் தரையில உட்காரும். இப்ப வெல்டிங் வச்ச இரும்புக் கட்டில். அது நெளியாது. மூணு காலுல நின்னுக்கிட்டு ஒரு காலைத் தூக்கிக்கும்.

எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில பல வருசமா மடிச்ச பேப்பர்தான் இருந்துச்சு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, ஐப்பசி மழையில, ராத்திரி எந்திரிச்ச அம்மா கட்டில் விளிம்பைப் பிடிச்சு ஊன்றினாங்க. நனைஞ்ச பேப்பர் நசுங்கிக் கிடந்திருக்கு. கட்டில் சட்டுனு ஒரு பக்கம் இறங்கவும் விழுந்துட்டாங்க. மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. இன்னைக்கும் அந்தக் கையால ஒரு செம்புத் தண்ணி தூக்க முடியாது. ஆடுற கட்டிலைச் சின்ன விசயம்னு நினைச்சது என் தப்பு.

மறுவாரமே ஒரு காலை அறுத்துச் சரிபண்ணிடலாம்னு ரம்பத்தை எடுத்தேன். பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணன் தடுத்துட்டார். "தரை மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணா நிக்குது. இன்னைக்கு வெட்டினா பங்குனியில அந்தக் கால் குட்டையாத் தெரியும்லே"ன்னார். எனக்கு அதுதான் சரின்னு படுது. கரிசல் ஊர்ல காலை வெட்டக் கூடாது, ஆப்புதான் வைக்கணும்.

முதல்ல குத்தம் யாருதுன்னு பாருங்க. தூக்குற காலுல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க. கட்டிலை அதே இடத்துல கால்வட்டம் திருப்பி வைங்க. அதே கால் தூக்கினா கால்தான் குட்டை. ஆட்டம் வேற காலுக்கு மாறினா தரைதான் குத்தம். சில நேரம் திருப்பும்போதே ஒரு இடத்துல நாலு காலும் உட்கார்ந்துடும், செலவே இல்லை.

அப்படி உட்காரலைன்னா, வேப்பங்கட்டையில ஒரு பக்கம் மெலிசாச் சீவின ஆப்பு வைங்க. அடியில பழைய சைக்கிள் டியூப் துண்டை ஒட்டினா வழுக்காது. பேப்பர் வேண்டாம், ஓட்டுச்சில்லும் வேண்டாம். பேப்பர் நசுங்கும், சில்லு நொறுங்கும். உயரமான பீரோவுக்கு ஆப்பு மட்டும் பத்தாது. மேல்பக்கத்தைச் சுவரோட கிளாம்பு போட்டு முடுக்கிடணும். கதவைப் பிடிச்சுப் பிள்ளைங்க தொங்கினா மொத்தமாச் சாயும்.

சென்னையிலயும் பெங்களூர்லயும் இருந்துக்கிட்டு ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்குக் கட்டில், பீரோ ஆர்டர் போட்டு அனுப்புறவங்களுக்கு ஒரு வார்த்தை. பொருள் வந்து இறங்கிருச்சான்னு போன்ல கேக்குறீங்க. ஆடுதான்னு யாரும் கேக்குறதில்லை. வயசானவங்களும் தானாச் சொல்ல மாட்டாங்க, "கிடக்கட்டும்யா"ம்பாங்க. பொங்கலுக்கு வரும்போது ஒருதரம் நீங்களே நாலு மூலையையும் அமுக்கிப் பாருங்க. நான் இப்ப கார்த்திகையில ஒருதடவை, சித்திரையில ஒருதடவை பாக்குறேன். ஒவ்வொரு தடவையும் ஆப்பு இடம் மாறத்தான் செய்யுது.