பல் போனாலும் சொல் போகக் கூடாது

"பல் போனால் சொல் போச்சு" என்பார்கள். முதியோர் இல்லங்களில் வாழ்வோருக்கோ பல்லோடு சோறும் போகிறது.

ஈறு வீங்கினாலும், பொய்ப்பல் குத்தினாலும் முதியவர் புகார் செய்வதில்லை; உண்பதைக் குறைத்துக் கொள்கிறார். "வயதாகிவிட்டது, பசியில்லை" என்று இல்லத்தார் சமாதானம் அடைகிறார்கள். பசி இருக்கிறது; மெல்லத்தான் வழியில்லை! தீங்கு வாயோடு நிற்பதுமில்லை. ஈறு நோய் முற்றினால் நீரிழிவு கட்டுக்கு அடங்குவதில்லை. துலக்கப்படாத வாயின் கிருமிகள், விழுங்கத் தடுமாறுவோரின் நுரையீரலில் இறங்கி நிமோனியாவாகின்றன. நாள்தோறும் வாயைச் சுத்தம் செய்துவிட்டால் நிமோனியா குறைகிறது என்பதை ஜப்பானிய முதியோர் இல்லங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு காட்டியது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு வரிசை எதற்கு? 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் ஏழை முதியோருக்கு ஊன்றுகோல், மூக்குக் கண்ணாடியுடன் பொய்ப்பல்லும் உண்டு என்கிறது. ஊன்றுகோலை முகாமில் கையில் கொடுத்து அனுப்பலாம். பொய்ப்பல்லை அப்படிக் கொடுக்க முடியுமா? அச்செடுத்து, பொருத்திப் பார்த்து, உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய மருத்துவர் பலமுறை வர வேண்டும். 2024இல் 70 வயது கடந்த அனைவருக்கும் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. சொத்தைப் பல்லை அடைக்க அது உதவாது.

நாம் வாழும் மும்பையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாநகராட்சியின் நாயர் பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இவற்றின் மருத்துவர்களும் பயிற்சி மாணவர்களும் முறைவைத்து ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் செல்ல மாநில அரசும் மாநகராட்சியும் நிரந்தர உத்தரவு பிறப்பிக்க வேண்டும். இல்லத்தில் சேரும் அன்றே வாய்ப் பரிசோதனை நடக்க வேண்டும். பல் துலக்கிவிடவும், இரவில் பொய்ப்பல்லைக் கழற்றிக் கழுவி வைக்கவும் பணியாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இவை சலுகைகள் அல்ல; உழைத்து ஓய்ந்தவர்களின் உரிமைகள்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பிழைக்க வந்த இடத்தில் கற்ற இந்தியும் மராத்தியும் மறதி நோயில் முதலில் நழுவிப் போகலாம், தாய்மொழியே எஞ்சலாம். "கூசுகிறது", "தெறிக்கிறது", "விண்விண் என்கிறது" என்று ஒரு தமிழ் மூதாட்டி சொல்லும்போது அதை மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல அருகில் ஒரு தமிழர் வேண்டாமா? சங்கக் கிளைகள் தத்தம் வட்டாரத்து இல்லங்களுக்கு மருத்துவர் வரும் நாளில் இருவரையாவது அனுப்ப வேண்டுகிறோம்.

அரசை உத்தரவிடச் செய்வதும், முதியவரின் சொல்லுக்குத் துணை நிற்பதும் நம் வேலை. இரண்டையும் இம்மாதமே தொடங்குவோம்.